இரண்டு பேருக்கு ஒரு கடிகாரம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதை வைத்துச் சண்டை போட ஆட்கள் இரண்டு பேர். சண்டை என்றால் சும்மா இல்லை, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொள்கிற அளவுக்குப் போட்டிருக்கிறோம். இப்போது நினைத்தால் அதெல்லாம் நல்ல காலம் என்று தோன்றுகிறது. அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் வேலை, துணியில் கத்திரி படுவதற்கு முன்னால் நடக்கிற வேலை. சீருடை தைக்கிற கம்பெனி ஒன்றுக்குப் பேட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். சட்டையில் கை வந்து சேர்கிற கைக்குழி எவ்வளவு வளைய வேண்டும், காலர் எங்கே முடிய வேண்டும், சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகும்போது தோள் எவ்வளவு ஏற வேண்டும், எல்லாவற்றையும் திரையில் கோடு கோடாகப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதுவும் நான் வைத்திருக்கிற பழைய விண்டோஸில்தான் மூச்சு விடும். எனவே அந்த விண்டோஸை யாராவது தொட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தொட்டவர் என் வீட்டுக்காரர். பஸ் கழகத்தில் நேர அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வர வேண்டும், டிரைவர் எங்கே இறங்கி முகம் கழுவ வேண்டும், மழை நாளில் எந்தத் திருப்பத்தில் எவ்வளவு கூட்டிப் போட வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் போதும், பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிற பஸ் ஏன் தாமதமாகிறது என்று ஆரம்பித்துவிடுவார். "வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுங்க" என்று நான் சொல்வேன். பிறகு அந்த வேலையைச் செய்ய ஒரு புரோகிராம் வந்தது. விருப்ப ஓய்வு என்று அழகாகப் பெயர் வைத்து இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று கேட்டேன்.

அதிலிருந்துதான் பேச்சு குறைந்தது. மனிதர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். நடுவில் எப்படியோ வீடியோக்களில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்ற ஒன்றைப் பற்றிப் பார்த்துவிட்டு அதில் விழுந்தார். "இதுக்கு முதலாளின்னு ஒருத்தன் கிடையாது தெரியுமா? யாரும் யாரையும் வெளிய அனுப்ப முடியாது" என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரிந்தாலும், அவர் அதைப் பழகுவதற்காக என் விண்டோஸுக்குள்ளேயே எதையெதையோ இறக்கிப் போட்டு ஆராய்ச்சி செய்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கம்ப்யூட்டர் நொண்ட ஆரம்பித்தது. பிரிண்டர் ஊமையானது. ஒருநாள் காலையில் திறந்தால், என் ஃபைல்களெல்லாம் அகர வரிசையில் கைகட்டி நிற்கின்றன.

"யார் உங்களை அடுக்கச் சொன்னது?"

"குப்பை மாதிரி கிடந்துச்சு."

"அது என் குப்பை! எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியும். இது என்ன பஸ் ஸ்டாண்டா, வரிசையா நிறுத்தி வைக்க?"

"பஸ் ஸ்டாண்டா இருந்தா இந்நேரத்துக்கு எல்லாம் கிளம்பியிருக்கும்."

இப்படித் தினமும். தாங்க முடியாமல் மகளுக்குப் போன் போட்டேன். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

"ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டமும் போட்டுக்கலாம்மா" என்றாள். "டூயல் பூட்னு பேரு. ஆன் பண்ணினதும் எது வேணும்னு கேக்கும். நீ உன்னோடதைத் திற, அப்பா அவரோடதைத் திறக்கட்டும். ஒருத்தர் பொருளை ஒருத்தர் தொடவே வேணாம்."

"தனிக்குடித்தனம்னு சொல்லு."

"அப்படியே வச்சுக்கோ" என்று சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். அவர் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். நான் என் பேட்டர்ன்களை எல்லாம் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை நம்பாமல் இன்னொன்றிலும் எடுத்து, இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தோம், மகள் அதற்குள் இருந்தாள். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். ஒரு இடத்தில், இருப்பதை அழிக்காமல் பக்கத்தில் போடட்டுமா என்று ஒரு வரி கேட்டது. அதற்கு நேர் கீழே, மொத்தத்தையும் அழித்துவிட்டுப் போடட்டுமா என்று இன்னொரு வரி.

"ஏங்க, இது ரெண்டும் இப்படி ஒட்டிக்கிட்டா இருக்கும்? கை தவறினா என் பொழப்பே போச்சு."

"கை தவறாது."

"இத்தனை வருஷத்துல என்னென்ன தவறியிருக்குன்னு சொல்லட்டுமா?"

"அம்மா!" என்றது போன்.

அடுத்து ஒரு நீளமான பட்டை வந்தது. நடுவில் ஒரு கோடு. கோட்டை இழுத்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரியும். டிஸ்க்கில் யாருக்கு எவ்வளவு இடம் என்று அதில்தான் சொல்ல வேண்டுமாம். சரியான பாகப்பிரிவினை. அவர் கோட்டை ஓரத்துக்குத் தள்ளி, தனக்குத் துளியூண்டு இடம் விட்டு நிறுத்தினார்.

"என்ன இது, நான் என்ன உங்களுக்குப் பிச்சை போடறேனா? பாதிக்குப் பாதி எடுத்துக்கங்க."

"உனக்கு வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? இது போதும்."

நான் மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கோட்டை நடுவுக்கு இழுத்தேன். அது சொன்ன இடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளியது. "மெதுவா, மெதுவா" என்று அவர் என் கைமேல் கை வைத்துப் பிடித்தார். ஒருவழியாக நடுவில் நிறுத்தினோம்.

எல்லாம் முடிந்து, கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. எது முதலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். எதையும் அழுத்தாமல் விட்டால் முதலில் இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். அவர் ஏதோ தட்டி என்னுடையதை மேலே வைத்தார்.

"உன்னோடது முதல்ல இருக்கட்டும். உன் வேலையிலதானே வீடு ஓடுது" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து, "முடிஞ்சுதும்மா, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வீடு அமைதியானது. நாலு மணி வரை நான், அதற்குப் பிறகு அவர். என் ஃபைல்கள் நான் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தன. பிரிண்டர் வாய் திறந்தது. கம்பெனிக்குச் சொன்ன நேரத்துக்கு வேலை போனது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பேச ஒன்றும் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். காலையில் காபி வைத்தால் எடுத்துக்கொள்வார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். நன்றாக இருக்கிறதா என்றால் தலை ஆடும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நாலு மணிக்கு நான் எழுந்தால் அவர் வந்து நாற்காலியை உயர்த்திக்கொண்டு உட்காருவார், காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். காலையில் நான் வந்து நாற்காலியைக் கீழே இறக்கிக்கொண்டு உட்காருவேன். ஒரே வீட்டில் ஷிப்ட் மாறுகிற இரண்டு வாட்ச்மேன்களாக ஆகிவிட்டோம். வாட்ச்மேன்களாவது மாறும்போது ஒரு பீடிக்கு நெருப்புக் கேட்பார்கள்.

இருபத்தாறு வருஷம் ஒரு மனிதரோடு குடித்தனம் செய்துவிட்டு, சமையலறையில் தனியாக நின்று "உப்பு போட்டேனா?" என்று என்னையே கேட்டுக்கொள்கிற நிலைமைக்கு வந்தேன். மகளிடம் சொல்லலாம் என்றால் என்ன சொல்வது? அப்பா சண்டை போட மாட்டேன் என்கிறார் என்றா? அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு வார்த்தை பேச வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை, என்று நான் ஏங்க ஆரம்பித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதற்கு நடுவில் கம்ப்யூட்டரின் கடிகாரம் கெட்டது. காலையில் விண்டோஸைத் திறந்தால் மூலையில் இருக்கிற மணி சில மணி நேரம் பின்னால் நிற்கும். நான் சரிசெய்வேன். மறுநாளும் பின்னால். சரிசெய்வேன். ஏதோ வயசாகிவிட்டது போலிருக்கிறது, எனக்கும்தான் காலையில் இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிவதில்லை என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல், மாலையில் படுத்தே இருந்தார். மறுநாள் காலையில் மணி சரியாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நர்ஸ்களுக்குக் கம்பெனியில் புதுசாக மேலங்கி தைக்கிறார்கள். பாக்கெட் எங்கே வர வேண்டும் என்று பேச, பதினொரு மணிக்கு எல்லோரும் வீடியோவில் கூடுவதாக ஏற்பாடு. கம்ப்யூட்டரில் மணியடிக்கச் சொல்லி வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அவசரத்தில் கடிகாரத்தைத் திருத்த மறந்துவிட்டேன். கோடுகள் மெல்லியவை, வெளிச்சம் பட்டால் தெரியாது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் நான் வேலை செய்வேன். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது, சத்தம் போடாமல். நான் பாட்டுக்குக் கைக்குழியை வளைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது போனைப் பார்த்தால், கம்பெனி மானேஜரின் அழைப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன.

"எல்லாரும் காத்திருந்துட்டுப் போயிட்டாங்க மேடம்" என்றார். "நாளைக்கு ஒரு வாட்டி கூப்பிடறேன்னு சொல்லியிருக்கேன். நாளைக்காவது வருவீங்களா?" பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போனிலும் தெரியும்.

போனை வைத்தேன். நேராக உள்ளறைக்குப் போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இழுத்துக் கீழே போட்டேன்.

"உங்களுக்கு என் பொழப்பைக் கெடுக்கணும்னு எத்தனை நாளா ஆசை?"

"என்னாச்சு?"

"என்ன ஆச்சா? தினமும் சாயங்காலம் உக்காந்து என் கடிகாரத்தை என்ன பண்றீங்க? காலையில திறந்தா மணி தப்பு. ஊர்ல இருக்கற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் போட்ட மனுஷன், பெண்டாட்டியோட கடிகாரத்தை மட்டும் இப்படியா கெடுத்து வைப்பீங்க?"

"நான் கடிகாரத்தைத் தொடவே இல்லை."

"அப்போ பேய் வந்து மாத்திச்சா?"

"கத்தாதே. பின்னாடி போகுதா, முன்னாடி போகுதா?"

"பின்னாடி!"

"எவ்வளவு மாறுது? தினமும் ஒரே அளவா?"

"எனக்கென்ன தெரியும்? என் தலையெழுத்து மாறுது!"

அவர் எழுந்தார். என்னைத் தாண்டிக் கம்ப்யூட்டரிடம் போனார். நான் பின்னாலேயே போய், விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தேன். மூலையில் இருந்த மணியைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். முகத்தில் ஒரு களை ஏறியது.

"இங்க பாரு, இங்க பாரு" என்று என் தோளைத் தட்டினார். "பெட்டிக்குள்ள ஒரே ஒரு கடிகாரம்தான். ரெண்டு சிஸ்டமும் அதைத்தான் பாக்குது. ஆனா ரெண்டும் வேற மாதிரி படிக்குது. உன்னோடது, அதுல இருக்கறதுதான் நம்ம ஊர் நேரம்னு அப்படியே எடுத்துக்கும். என்னோடது, அதுல உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம் இருக்கணும்னு நினைக்கும், அது நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அதனால நான் வந்து திறந்தா அதைத் தனக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சிடும். காலையில நீ வந்து திறந்தா உனக்குத் தப்பாத் தெரியும். நீ திருத்துவே. சாயங்காலம் என்னோடது மறுபடி மாத்தும்."

"அப்போ யார் மேல தப்பு?"

"யார் மேலயும் இல்லை. ரெண்டு டிப்போவுல இப்படித்தான் ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார்.

இரண்டு டிப்போக்களில் இருந்த இரண்டு சுவர்க் கடிகாரங்களைப் பற்றி, ஒரு பஸ் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதிவான கதையைப் பற்றி, அதைக் கண்டுபிடிக்க இவர் பஸ்ஸிலேயே ஏறிப் போய்வந்ததைப் பற்றி எல்லாம் சொன்னார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடுவில் நான் இடைமறித்துத் திட்டினேன், அவர் பதிலுக்குத் திட்டினார். "மீட்டிங் இருக்கறவ ஒரு தடவை சுவர்ல மணி பாக்கக் கூடாதா?" என்றார். "சுவர்ல மாட்டறதுக்கு ஒரு கடிகாரம் வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை கரடியாக் கத்தியிருக்கேன்?" என்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

மத்தியானம் சமைக்கும்போது நான் பாட்டு முணுமுணுத்ததாக ஞாபகம். மீட்டிங் போனது, மானேஜர் எரிந்து விழுந்தது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. நாளைக்கும் மணி பின்னால் போகும், நாளைக்கும் போய்க் கேட்கலாம் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை விண்டோஸைத் திறந்தேன். மணி சரியாக இருந்தது. போனை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிமிஷம்கூடத் தப்பவில்லை.

அவர் வாசற்படியில் நின்றார். "நேத்து என் லினக்ஸ்ல ஒரு வரி அடிச்சேன். இனிமே என்னோடதும் உன்னோடது மாதிரியே படிக்கும். உனக்கு இனிமே என்னால தொந்தரவு இருக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நல்லது செய்திருக்கிறார். எனக்குத் தெரியும். எனக்காக உட்கார்ந்து தேடிப் படித்துச் செய்திருக்கிறார். அந்த வரியை அப்படியே பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அன்றைக்கு மீட்டிங் நன்றாக நடந்தது. பாக்கெட்டை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைக்க ஒப்புக்கொண்டார்கள். அதைச் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தூங்கவில்லை, அது முதுகைப் பார்த்தாலே தெரிகிறது.

அதற்கடுத்த நாளும் மணி சரி. அதற்கடுத்த நாளும் சரி. நாலு மணிக்கு நாற்காலி உயர்ந்தது, காலையில் தாழ்ந்தது. இந்த வீட்டில் தப்பு என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒருநாள் சட்டையின் முதுகுப் பகுதியை வரைந்துகொண்டிருந்தவள், கையை எடுத்துவிட்டு அழுதேன். சத்தமில்லாமல்தான். சத்தமாக அழுதால் அவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார், கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மூலையில் இருந்த மணிமேல் மவுஸை வைத்து அழுத்தினேன். நேரத்தை மாற்று என்பதைத் திறந்து, இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். சரி என்று அழுத்தினேன்.

"ஏங்க!" என்று கத்தினேன். "உங்க லினக்ஸ் மறுபடியும் வேலையைக் காட்டிடுச்சு! வந்து பாருங்க!"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். குனிந்து மூலையைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடியும் மூலையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடையது கெடுத்தால் எப்போதும் பின்னால்தான் போகும், அதுவும் சரியாக ஐந்தரை மணி நேரம், கூடாது, குறையாது. இங்கே மணி முன்னால் போயிருக்கிறது, அதுவும் இருபது நிமிஷம். எந்தக் கம்ப்யூட்டரும் இப்படித் தப்புச் செய்யாது. ஆயுசு முழுக்க நேரம் பார்த்தே வாழ்ந்த மனிதரிடம் போய் இதைக் காட்டியிருக்கிறேன். எனக்கு முகம் சுட்டது. திரையில் இருந்த கைக்குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் நிமிர்ந்தார்.

"ஆமா" என்றார் பிறகு. "என்னோடதுதான். நான்தான் ஏதோ தப்பாப் பண்ணி வச்சிருக்கேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. அவர் சாப்பாட்டு மேஜைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்தார். என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டார்.

"இதைச் சரி பண்ணக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றார். "பரவாயில்லையா?"

"எவ்வளவு நேரம்?"

மழை நாளில் எவ்வளவு கூட்டிப் போடலாம் என்று யோசிப்பவரைப் போல யோசித்தார்.

"சொல்ல முடியாது. இன்னைக்கு முடியும்னு தோணலை. நாளைக்கும் வந்து பாக்க வேண்டியிருக்கும்."

"பாருங்க, பாருங்க. வேற என்ன வேலை உங்களுக்கு?" என்று மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.